தேர்வெண் ஏழின் கையெழுத்து

தேர்வு விதிகள், பிரிவு ஆறு: “தேர்வு எழுதுவோரில் எவருக்கேனும் கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பாடம் சொல்லிக்கொடுத்தவர், தேர்வு மண்டபத்தில் எந்தப் பணியும் ஏற்கலாகாது, விடைத்தாள்களைக் கையாளவும் கூடாது.”

நல்ல விதி. எழுதியவர் மனிதர்களை அறிந்தவராக இருக்க வேண்டும். கோலசிலாங்கூரில் அந்த ஒரு நாள் மட்டும் அதை மதித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது. மதிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாவட்ட அலுவலகத்துத் துரை. மற்றவர் நான்.

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் எழுத்தர், எங்கள் பேச்சில் கிராணி, வீட்டுக்கு வந்தார். கிராணிகளுக்கான ஆங்கிலத் தேர்வின் புதிய வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கடிதம் எழுதும் கேள்விக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: கடிதத்தின் அடியில் ‘ஏ. பி.’ என்று மட்டும் கையெழுத்திட வேண்டும், சொந்தப் பெயரை எழுதக் கூடாது.

“இதக்கூடவா சார் அச்சடிச்சுச் சொல்லணும்? பச்சப்புள்ளைங்களா பரீட்சை எழுதுறாங்க?” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் நான்கைந்து முறை கேட்ட பிறகு, எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளியில் படித்தேன். கப்பலேறிப் பினாங்கில் இறங்கினேன். ராசா என்ற ஊரில் ஒரு பெரிய கிராணியின் கீழ் இரண்டு வருடம் கோப்பு கட்டவும், நாடா முடியவும், துரை கேட்பதற்கு முன் பதில் சொல்லாமல் இருக்கவும் கற்றேன். மூன்றாவதுதான் கடினம். பிறகு கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மற்ற கிராணிகள் ஆற்றுக் காய்ச்சலுக்குப் பயந்தார்கள். நான் துரைக்குப் பயந்தேன்.

அவர் சத்தம் போட மாட்டார். போட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோப்பை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, எழுந்து நின்றுகொண்டுதான் படிப்பார். படித்து முடித்ததும் சிவப்பு மையில் ஒரு சொல் எழுதுவார். பிடிக்காதது ஏதாவது இருந்தால் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுப்பார். அந்தச் சாவி திரும்பும் சத்தத்தைக் கேட்டதும் அலுவலகத்தில் தட்டச்சு நின்றுவிடும். அவர் சொல்லும் வாக்கியங்களில் எப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும். அதற்குள் போகலாமா கூடாதா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

கனகரத்தினம் ஒருமுறை உள்ளே போனார். அவர் நில மனுக்களைப் பதியும் கிராணி, என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். கெடு முடிந்து ஒரு நாள் கழித்து ஒரு மனு வந்தது. மனுக்காரர் துரைக்கு வேண்டியவர். துரை அதைப் பார்த்து, “நேற்று என்ன தேதி என்று உனக்குத் தெரியும். எனக்குத்தான் மறந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். கனகரத்தினம் புரிந்துகொண்டு நேற்றைய தேதியின் முத்திரையைக் குத்தினார். மூன்று வாரம் கழித்துத் தணிக்கை வந்தபோது துரையிடம் விளக்கம் கேட்டார்கள். “தேதி மறந்துவிட்டது என்று மட்டுமே நான் சொன்னேன்” என்றார். அது உண்மைதான். வேலைநீக்க உத்தரவைத் தட்டச்சு செய்தது நான். கனகரத்தினம் டிரங்குப் பெட்டியோடு படகுத்துறையில் நின்றபோது நான் போய்ப் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம்.

இதைச் சொல்வது, பின்னால் நான் செய்ததற்கு நியாயம் தேட அல்ல. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும்.

அந்த நாட்களில் தோட்டக் கம்பெனிகள் புதிதாக ஒரு பிடிவாதம் பிடித்தன. ஆபீசில் பேனா பிடிக்கும் எவனும் ஆங்கிலத் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சின்னக் கிராணிகளும் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர்களும் என்னைத் தேடி வந்தார்கள். படகுத்துறைக்கு எதிரே காதர் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நாகப்பட்டினம் பக்கத்து மனிதர். சனி ஞாயிறு மாலைகளில் கடையின் மேல்மாடியை எங்களுக்குக் கொடுத்தார். வாடகையாக, அவருடைய கடிதங்களை நான் எழுதித்தர வேண்டும். கீழே மீன் பொரியும். மேலே நாங்கள் சொல்வதெழுதுதல் பழகுவோம். “மேல இங்கிலீசு வேகுது, கீழ மீனு வேகுது, எது மொதல்ல கருகுதுன்னு பாப்போம்” என்பார் பாய்.

மொத்தம் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவன் காத்தமுத்து.

ஆற்றுக்கு மேலே ஏழு மைலில் ஒரு ரப்பர் தோட்டம். நம் ஆட்கள் அதை ஆத்துத் தோட்டம் என்பார்கள். அங்கே ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் பெரியண்ணனின் மகன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஆபீஸ் கூட்டப் போனவன், கிராணிமார் எறிந்த காகிதங்களின் பின்புறத்தில் எழுதி எழுதியே ஆங்கிலம் கற்றிருந்தான். இருபத்து மூன்று வயதில் தற்காலிகச் சின்னக் கிராணி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அந்தத் தோட்டத்தில் அதுவே முதல் தடவை.

அவன் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தான். விதிப்படி மூன்று முறைதான் எழுதலாம். புதிதாக வந்த தோட்டத்துரை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க.

“அது பரவால்லங்க ஐயா. மரம் வெட்டத் தெரியாதவனா நானு?” என்றான் ஒருநாள். “காலையில பெரட்டுல நிக்க வச்சு நாந்தான் பேரு கூப்புடுறேன். எங்கப்பா வயசு ஆளுங்கல்லாம் ‘இருக்கேன் கிராணி’ன்னு கைய தூக்குறாங்க. நாளைக்கு அதே பெரட்டுல நானு நின்னு, வேற ஒருத்தன் எம் பேரக் கூப்புட்டா... அத நெனச்சாத்தான் ஐயா சோறு எறங்க மாட்டேங்குது.”

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அவன் பயந்தது கத்திக்கு அல்ல, அந்த வரிசைக்கு.

அவனுடைய ஆங்கிலம் மோசமில்லை. கடிதத்தில்தான் தடுமாறினான். நான் கடிதத்தில் கெட்டிக்காரன் என்று எனக்கே ஓர் எண்ணம். ஆகவே அவர்களுக்குக் கடிதத்தை இராணுவப் பயிற்சி போலப் பழக்கினேன். தேதி இடம் மாறக் கூடாது. விளிப்பு, பொருள், மூன்று பத்திகள், பணிவான முடிப்பு, கையெழுத்து. கையெழுத்தில்லாத கடிதம் வெறும் காகிதம் என்று சொல்லி, கையெழுத்து விடுபட்ட ஒவ்வொன்றையும் அவர்கள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். எத்தனை கிழித்தேன் என்று கணக்கில்லை.

காத்தமுத்து கையைத் தூக்கினான். “ஐயா, கையெழுத்துன்னா பேரத்தான எழுதணும்?”

“பேரை எழுதினால் அது பேர். கையெழுத்து வேற காணும். ஒருத்தரும் பார்த்து எழுத ஏலாத மாதிரி இருக்கவேணும்.”

“அவனுக்குக் கட்டவெரலு போதும் சார்” என்றார் பக்கத்திலிருந்த டிரெசர் அந்தோணி. “மையும் மிச்சம், நேரமும் மிச்சம்.”

“நீ மருந்து குடுத்த ஆளுங்க வெரலத் தூக்கவே முடியாம கெடக்குறானுங்க. நீ பேசாத லா” என்றான் காத்தமுத்து. மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று அவனுக்கு ஒரு கையெழுத்தை நான் உருவாக்கிக் கொடுத்தேன். தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு அவன் பெயர், கடைசி எழுத்திலிருந்து பேனாவைத் தூக்காமல் பின்னோக்கி ஓர் இழுப்பு, அதன் கீழே இரண்டு புள்ளி. அடுத்த வாரம் வந்தபோது அவன் அதை எங்கெங்கே எழுதிப் பழகியிருந்தான் என்று சொன்னான். புகைக் கூடத்தில் தொங்கும் ரப்பர்த் தகடுகளின் ஓரத்தில் ஆணியால் கீறியிருக்கிறான். பெரிய கிராணி பார்த்துத் திட்டியிருக்கிறார்.

தேர்வுக்கு முந்திய வகுப்பில், “தேர்வில் உங்கட சொந்தப் பேர் வரக் கூடாது. ஏ. பி. என்று மட்டும் போடுங்கோ” என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். காத்தமுத்துவும் ஆட்டினான். நூறு முறை பழக்கியதை ஒரு முறை சொன்னதால் அழிக்க முடியும் என்று நினைத்த ஆசிரியர் நான்.

தேர்வை நடத்துவது மாவட்ட அலுவலகம். துரை மேற்பார்வையாளர். உதவிக்கு வழக்கமாக ஒரு பள்ளித் தலைமையாசிரியர் வருவார். அந்த முறை அவர் மலேரியாவில் படுத்துவிட்டார். தேர்வுக்கு முதல் நாள் துரை என்னை அழைத்தார்.

“நாளை நீ உதவுகிறாய்.”

“சார், பிரிவு ஆறு...”

“அதைப் படித்திருக்கிறாயா?”

“படித்திருக்கிறேன், சார்.”

“நானும் படித்திருக்கிறேன். எனவே எனக்கு அதை நினைவூட்டத் தேவையில்லை” என்று கடிகாரத்தை எடுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

நடைமுறை எதிலும் குறை இல்லை. கோர்ட் அறையில் பதினொரு மேசைகள், ஒன்றுக்கொன்று ஐந்தடி இடைவெளி. கயிற்றால் அளந்து போட்டேன். மைக்கூடுகளை முதல் நாளே நிரப்பி மூடினேன். ஒற்றுத்தாள் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் பார்த்தேன். மேசையில் தேர்வெண் அட்டை. காத்தமுத்துவுக்கு எண் ஏழு. யாரோ ஒரு கிராணியிடம் இரவல் வாங்கிய, கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். தோளில் அகலம், கையில் குட்டை.

முத்திரையிட்ட உறையைத் துரை உயர்த்திக் காட்டினார். எழுதுவோரில் இரண்டு பேர் வந்து முத்திரை உடையவில்லை என்று உறையின் மேல் எழுதிக் கொடுத்தார்கள். முத்திரையைத் தொடாமல் ஓரத்தை வெட்டினேன். பிறகு சொல்வதெழுதுதல். துரை மூன்று முறை வாசித்தார்: முதலில் நடையாக, அடுத்து துண்டு துண்டாக, கடைசியில் மறுபடி நடையாக. அதன்பின் சுருக்கி எழுதுதல். கடைசியாகக் கடிதம். தோட்டத்துக்கு வந்த அரிசி மூட்டைகள் நனைந்திருந்தன என்று ரயில் சரக்குக் கிடங்குக்கு முறையிட வேண்டும். காத்தமுத்துவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்படி ஒரு கடிதத்தை அவன் மாதம் ஒருமுறை உண்மையிலேயே எழுதுகிறவன்.

விதிப்படி விடைத்தாள்களோடு பெயர் போகாது. எண்கள் மட்டும் போகும். பெயர்ப் பட்டியல் தனி உறையில், தேர்வு வாரியத்தில் வேறொரு அதிகாரிக்கு.

மணி அடித்ததும் கடைசி எண்ணிலிருந்து முதல் எண் வரை தாள்களை வாங்கினேன். அவர்கள் வெளியே போனார்கள். துரை சன்னலோரம் நின்றார். ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் தேர்வெண் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது உதவியாளரின் வேலை. பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு. ஏழு. மூன்றாவது தாள். கடிதத்தின் அடியில், பேனாவைத் தூக்காமல், பின்னோக்கி ஓர் இழுப்பு. கீழே இரண்டு புள்ளி.

அழகாக இருந்தது. முதலில் அதைத்தான் நினைத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

அதன்பின் விதி நினைவுக்கு வந்தது. விதிப் புத்தகம், பிரிவு பதினொன்று: விடைத்தாளில் தன் பெயரையோ வேலை செய்யும் இடத்தையோ தெரியப்படுத்துபவரின் தாள் ரத்தாகும். மேசையில் மைக்கூடு இருந்தது, பேனா இருந்தது. ஒரு கோடு போதும். ஆனால் துரை என் பக்கம் திரும்பியிருந்தார்.

“ஏன் நின்றுவிட்டாய்?”

“எண் ஏழு, சார். கடிதத்தில் சொந்தப் பெயரை எழுதியிருக்கிறார்.”

துரை கிட்டே வரவில்லை. “எத்தனை தாள்கட்டு?”

“பதினொன்று, சார்.”

“பட்டியலில்?”

“பதினொன்று, சார்.”

“விதி என்னை எண்ணச் சொல்கிறது. வாசிக்கச் சொல்லவில்லை” என்றார், மெல்ல. “கட்டு.”

மெழுகுத் துணியில் சுற்றி, நாடா கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். அரக்கு விரலில் பட்டது. அவர் திறந்து வைத்த கதவு அது என்று எனக்குத் தெரிந்தது. கனகரத்தினத்துக்குத் திறந்த கதவும் இப்படித்தான் இருந்தது. அதே மெல்லிய குரல், அதே சுத்தமான வாக்கியம்.

வெளியே படிக்கட்டில் காத்தமுத்து நின்றான். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான்.

“ஐயா, அரிசி மூட்ட வந்துருச்சு பாத்தீங்களா! நம்ம மூட்ட! ஒரு எடம் நிக்கல, ஒரே ஓட்டமா எழுதிட்டேன். கடைசில நீங்க சொல்லிக்குடுத்த மாரியே போட்டேன். ஒரே இழுப்பு.”

“ஓ” என்றேன்.

“என்னங்க ஐயா, மொகம் ஒரு மாரியா இருக்கு?”

“காலையில் இருந்து நிக்கிறன். கால் நோகுது.”

“வாங்க, பாய் கடையில தேத்தண்ணி குடிப்போம். இன்னைக்கு நாந்தான் வாங்கித் தருவேன்.”

வேலை இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனேன்.

அடுத்த நான்கு நாட்களை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை. பியூன் நடந்து வந்தால் என்னை அழைக்கத்தான் என்று தோன்றும். மனதுக்குள் ஒரு விசாரணை ஓடிக்கொண்டே இருந்தது. திருத்துபவர் அந்தப் பெயரைப் பார்ப்பார். மண்டபத்தில் யார் இருந்தது என்று கேட்பார்கள். அந்தக் கிராணி இவனுக்குப் பாடம் சொன்னவனாமே என்பார்கள். அது அடையாளக் குறியா என்று கேட்பார்கள். துரையிடம் விளக்கம் கேட்பார்கள். ‘நான் எண்ண மட்டுமே செய்தேன்’ என்பார் அவர். அது உண்மையாகவும் இருக்கும். அதன்பிறகு வேறொருவன் என் உத்தரவைத் தட்டச்சு செய்வான்.

அப்போது எனக்குத் திருமணமாகி எட்டு மாதம். மனைவி ஊரிலிருந்து வரப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று.

ஐந்தாம் நாள் காலை ஒரு கடிதத்தின் வரைவை எழுதித் துரையின் கோப்பில் வைத்தேன். கடிதம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று சொன்னேனே. தேதி அதன் இடத்தில். பொருள்: தேர்வெண் ஏழு. முதல் பத்தி: மேற்படி எண்ணுக்குரியவர் கடிதத்தில் தன் சொந்தப் பெயரைக் கையெழுத்திட்டிருப்பது கவனத்துக்கு வந்தது. இரண்டாம் பத்தி: நாள்தோறும் அலுவல் கடிதங்களில் கையெழுத்திடும் பழக்கத்தால் நேர்ந்ததே தவிர வேறு நோக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. மூன்றாம் பத்தி: வாரியம் அனுதாபத்தோடு பரிசீலிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. நான் அவனுக்குப் பாடம் சொன்னவன் என்பது எந்தப் பத்தியிலும் இல்லை.

அவனுக்காகப் பரிந்து எழுதியதாக அன்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் அவனுக்கு. முதல் பத்தி எனக்கு. முதல் பத்தி இல்லாமல் மற்ற இரண்டும் தேவைப்பட்டிருக்காது.

துரை நின்றபடி படித்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். பதினைந்து சுற்றாவது இருக்கும்.

“இது போகத்தான் வேண்டுமா?”

“விதிப்படி, சார்.”

“நிச்சயமாகவா?”

இரண்டாவது கதவு. நான் அதையும் பொறி என்றே எடுத்துக்கொண்டேன். “நிச்சயமாக, சார்.”

சிவப்பு மையில் தன் பெயரெழுத்தைப் போட்டார். “நீ கவனமான ஆள்” என்றார். அது பாராட்டில்லை என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. அவர் அன்று பொறி வைத்தாரா, வழி விட்டாரா என்பது இன்றும் தெரியாது. வழி விட்டிருந்தால் அது அவனுக்காகவா, பிரிவு ஆறை மீறிய தனக்காகவா என்பதும் தெரியாது.

மே மாதம் முடிவுகள் வந்தன. ஆறு பேர் தேறினார்கள், அந்தோணியும் அவர்களில் ஒருவர். நான்கு பேர் தேறவில்லை. எண் ஏழுக்கு நேரே, ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’

“நிறுத்தி வச்சுருக்காங்கன்னா நல்லதா கெட்டதா ஐயா?” என்று கேட்டான் காத்தமுத்து.

“இரண்டும் இல்லை. பொறுத்திருக்கவேணும்.”

“எனக்கு மட்டும் ஏங்க ஐயா?”

“வாரியத்தின்ர நடைமுறை.”

தோட்டத்துரை பொறுக்கவில்லை. ஒரு மாதம் தவணை கொடுத்தார். ஜூனில் அவனை ஆபீசிலிருந்து இறக்கி மரம் வெட்ட அனுப்பினார். கிராணி வீட்டை விட்டுத் தாய் தகப்பனோடு லயத்துக்குத் திரும்பினான். முதல் நாள் பெரட்டில் தன் பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை என்றும், கையை மட்டும் தூக்கியதாகவும் சொன்னான். “புதுக் கிராணி சின்னப் பையன் ஐயா. ‘வாயில என்னா கொழுக்கட்டையா’ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பா மட்டும் கீழ பாத்துக்கிட்டு நின்னாரு.”

ஆனாலும் அவன் நம்பிக்கையை விடவில்லை. முடிவு நல்லபடி வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பெரிய கிராணி சொல்லியிருந்தாராம். வாரியத்துக்கு நினைவூட்டல் எழுதச் சொல்லி என்னைக் கெஞ்சினான். எழுதினேன். மூன்று நினைவூட்டல்கள், ஒவ்வொன்றிலும் துரையின் கையொப்பம் வாங்கி. தனக்காக இவ்வளவு ஓடுகிற மனிதர் வேறு யாரும் இல்லை என்று அவன் காதர் பாயிடம் சொன்னானாம். பாய் அதை என்னிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. மரம் நனைந்தால் பால் வழிந்து வீணாகும். ஆகவே மழைநாளில் அவன் ஏழு மைல் நடந்து வருவான். கூரையில் தூறல் விழுந்தாலே அவன் வருவான் என்று எனக்குத் தெரியும். கோப்பை எடுத்து விரித்து, தலை குனிந்து, வாசல் பக்கம் பார்க்காமல் இருப்பேன். அந்த ஆண்டு மழை தவறாமல் பெய்தது.

அவன் தேறவில்லை என்பதைக் கடைசியில் நான்தான் சொன்னேன், எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து. காரணத்தை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. மறு வருடம் அவன் குடும்பம் பத்தாங் காலிப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அவன் உயிரோடு இருந்தால் இப்போது அறுபதை நெருங்கியிருப்பான். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அவனைத் தெரிந்திருந்தால், இதை அவனிடம் காட்டலாம். அதற்கும் நான் பயப்படத்தான் செய்கிறேன்.

பதில் ஒரு மழைநாளில் வந்தது. துரை வெளியே சுற்றுப்பயணம் போயிருந்தார். அவருக்கு வரும் அலுவல் உறைகளைப் பிரிப்பது என் வேலை. தபால் பை பதினொரு மணிக்கு வந்தபோது காத்தமுத்து வெராண்டாவில் நின்றான். தலையில் போட்டிருந்த கோணிச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பலகை நனையக் கூடாதென்று ஓரமாக ஒதுங்கி நின்றான்.

வாரியத்தின் உறை மேலேயே இருந்தது. பிரித்தேன். நான்கே வாக்கியங்கள். தேர்வெண் ஏழின் விடைத்தாள் தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்களுக்கு மேலாகவே பெற்றிருந்தது. எழுதுவோரின் பெயர்கள் திருத்துபவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை ஆகையால், கடிதத்தின் அடியிலிருந்த பெயரைக் கற்பனைப் பெயர் என்றே அவர் கொண்டிருந்தார். அது எழுதியவரின் சொந்தப் பெயர் என்பது தங்கள் அலுவலகக் கடிதத்தால் இப்போது தெரியவந்துள்ளதால், பிரிவு பதினொன்றின்படி அத்தாள் ரத்து செய்யப்படுகிறது. தங்கள் அலுவலகத்தின் கவனத்துக்கு வாரியம் நன்றி தெரிவிக்கிறது.

“வந்துருச்சுங்களா ஐயா?” வாசலிலிருந்து கேட்டான்.

கடிதம் என் கையில் இருந்தது. அவனுக்கு அது தெரியும் தூரத்தில்தான் நின்றான். ஆனால் வேறெந்தக் காகிதமாகவும் இருக்கலாம் அல்லவா.

“இன்னும் வரேல்லை” என்றேன்.

“பரவால்லங்க ஐயா. நீங்கதான் இருக்கீங்களே” என்று சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினான்.

அவன் படகுத்துறைத் திருப்பத்தில் மறையும் வரை காத்திருந்தேன். பிறகு வரவு முத்திரையை எடுத்து, எண்களைத் திருப்பிச் சரிபார்த்து, கடிதத்தின் வலது மூலையில் குத்தினேன்: 14 ஆகஸ்ட் 1926.